வரலாற்றில் பெரிய நிகழ்வுகள் ஒரே தேதியில் வந்து விழுவது ஏன்?

காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24. பாலக்காட்டுப் பக்கம் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24. ஆண்டு வேறு, மாதமும் தேதியும் ஒன்று. தேதிப் பொருத்தம் என்பது இதுதான். பாட்டில் சேர்ந்த இருவர் என்பதால் விதி என்று சொல்லத் தோன்றும். உண்மையில் இது கணக்கு.

தேதிகள் மொத்தம் 366தான், நிகழ்வுகளோ லட்சக்கணக்கில். பல்லாங்குழிப் பலகையில் 14 குழி. கண்ணை மூடிக்கொண்டு எந்தக் குழி என்று பாராமல் 5 புளியங்கொட்டை போடுங்கள். ஏதோ ஒரு குழியில் இரண்டு சேர்ந்துகிடக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம். காரணம், 5 கொட்டைக்கு ஜோடிகள் 10. ஆட்களுக்கும் அப்படியே: 23 பேர் என்றால் 253 ஜோடி, யாரோ இருவரின் பிறந்தநாள் பொருந்தும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும்.

தேதி எந்த நாட்காட்டியுடையது என்றும் பார்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர், ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸ் இருவருக்கும் மறைந்த நாள் 1616 ஏப்ரல் 23 என்பார்கள். அப்போது இங்கிலாந்தில் பழைய ஜூலியன் நாட்காட்டி, ஸ்பெயினில் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன். நடுவே 10 நாள் வித்தியாசம், ஆகவே தேதி ஒன்றானாலும் நாள் ஒன்றல்ல. செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22 என்றும் சொல்வதுண்டு.

கல்யாணப் பந்தியில் 23 பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு என் பிறந்தநாள் இருக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 23 யாரோ இருவர் பொருந்துவதற்கான கணக்கு, உங்கள் தேதியோடு பொருந்தப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் பந்தியில் 253 பேர் இருக்க வேண்டும்.