சக வீரரின் கையில் தற்செயலாகப் பந்து பட்டால் கோல் செல்லுமா?

வணக்கம். சக வீரரின் கையில் தற்செயலாகப் பந்து பட்ட பின் வேறொருவர் அடிக்கும் கோல் செல்லாது என்று உங்கள் நண்பர் சொல்வது பழைய விதி. இன்று அந்தக் கோல் செல்லும்.

2021 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக ஃபுல்ஹாம் அணியின் ஜாஷ் மாஜா அடித்த கோல், எதிரணி வீரர் உதைத்த பந்து மிக அருகிலிருந்த சக வீரர் லெமினாவின் கையில் பட்டுத் திரும்பியது என்ற காரணத்துக்காகவே வீடியோ பரிசீலனையில் ரத்தானது. ஃபுல்ஹாம் 0-1 எனத் தோற்றது. அந்தக் கையை அவர் வேறு எங்குதான் வைத்திருக்க முடியும்? மறுநாள் கூடிய சர்வதேசக் கால்பந்து விதி வாரியம் இவ்விதியைத் திருத்தியது. திருத்தம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது, கோல் அடித்தவரின் சொந்தக் கையில் பட்டு நேரடியாகவோ, பட்ட உடனேயோ விழும் கோல் மட்டுமே தற்செயலானாலும் செல்லாது.

ஆகவே அன்றைய கோபம் வீடியோ நடுவர் மீது அல்ல, விதியின் மீதே திரும்பியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால், கையில் பந்து பட்டது குற்றமா என்பதைத் தீர்மானிக்க எழும், கை உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கியதா என்ற கேள்வி இன்றும் நடுவரின் கணிப்புக்கே விடப்பட்டிருக்கிறது. 2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) காலிறுதியில் ஜெர்மனியின் முசியாலா அடித்த பந்து ஸ்பெயினின் குகுரேயாவின் கையில் பட்டும் ஜெர்மனிக்குப் பெனால்டி கிடைக்காதபோது, வீடியோ வசதி இருந்தும் அந்தச் சர்ச்சை தீரவில்லை.