மாடியில் போக்கர் ரூம்

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் கே.கே.நகரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, மனமகிழ் மன்றம் என்று பதிவு செய்து, பணம் வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்துக்கு ரூம் ஆரம்பிக்கிறார்கள். என்னையும் இரண்டு லட்சம் போடச் சொல்கிறார்கள். போக்கர் திறமை விளையாட்டு என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டதால் போலீஸ் தொட முடியாதாம். நம்பலாமா?
- வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: போடாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது 2023 நவம்பர் தீர்ப்பை. தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்திருந்தது; அந்தப் பட்டியல் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். அது போனில் ஆடுகிற ஆட்டத்தைப் பற்றிய வழக்கு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் போட்டுவிட்டது.

மாடியில் மேஜை போட்டு ஆடுவதற்கு வேறு சட்டம். 1930ஆம் வருடத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மதுரை மாநகருக்குள் சென்னை நகரக் காவல் சட்டத்தையும் 1987இல் நீட்டித்தார்கள். திறமை ஆட்டத்துக்கு விலக்கு உண்டு, உண்மைதான். போக்கர் அதில் சேருமா என்பதில்தான் ஊருக்கு ஒரு பேச்சு. நாகாலாந்து 2016இல் திறமை ஆட்டம் என்று சட்டமே போட்டது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் சூதாட்டம்தான் என்றது. சூதாட்டம் மாநிலங்களின் அதிகாரத்தில் வருவது. நாகாலாந்துச் சட்டத்தைக் காட்டி நம்மூர் ஸ்டேஷனில் தப்பிக்க முடியாது.

சரி, திறமை என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் அங்கே ஆடப் போகவில்லையே, ஆடவிட்டுச் சம்பாதிக்கப் போகிறீர்கள். ரம்மிக்குத் திறமை வேண்டும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு செகந்திராபாத் கிளப் வழக்கில். சீட்டுக்கட்டுக்கும் இடத்துக்கும் அந்த கிளப் வாங்கிய சின்னக் கட்டணத்தை நீதிபதிகள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பந்தய ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் பார்த்தால் குற்றம் நிற்கும் என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் மேஜையில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுப்பதுதானே போக்கர் ரூமின் வருமானம்? உங்கள் இரண்டு லட்சத்துக்கு லாபம் வேறு எங்கிருந்து வரும்?

மன்றப் பதிவும் காப்பாற்றாது. ஆட்டம் நடக்கும்போது உள்ளே இருந்தவர் ஆட வந்தவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

செல்லூரில் நான் குடியிருந்தபோது எதிர் மாடியில் இப்படி ஒரு மன்றம் இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் தறிக்காரர்கள் கூலி வாங்கிய கையோடு படியேறுவார்கள். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து, கீழே குவிந்து கிடக்கும் செருப்புகளில் புருஷனுடையது இருக்கிறதா என்று காலால் விலக்கிப் பார்ப்பார். இருந்தால் அங்கேயே படியில் உட்கார்ந்துவிடுவார். மேலே போய்க் கூப்பிட மாட்டார். மேலே நடந்ததும் ரம்மிதான், திறமை ஆட்டம்தான்.

முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள். பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு கிரிமினல் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.