பிசிஜி தழும்பு இருந்தும் மாத்திரை எதற்கு?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “கடலுக்குப் போகும் என் மாமனாருக்குச் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது. மகனுக்கு 2 வயது, 10 கிலோ. பிறந்ததுமே காசநோய்த் தடுப்பூசி பிசிஜி போட்டாச்சு, கையில் தழும்பும் இருக்கு. ஓடி விளையாடுற பிள்ளைக்கு எதுக்கு 6 மாசம் மாத்திரை?”

அது காசநோய் வராமல் தடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை; கொடுங்கள் அம்மா. தழும்பு, ஊசி போட்டதற்கு அடையாளம். கிருமி நுரையீரலுக்குள் நுழையாது என்பதற்கு அல்ல.

பிசிஜி, மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து வந்தது. பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெட், கெரான் இருவரும் 1908 முதல் 1921 வரை அதைச் சுமார் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியத்தைக் குறைத்தார்கள். அந்த வளர்ப்பில் அதன் மரபணுவில் ஒரு துண்டு உதிர்ந்துபோனது. ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களை உண்டாக்குவது அந்தத் துண்டுதான். நம் வெள்ளணு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். பையைப் பிய்த்து வெளியே வர நோய்க்கிருமிக்கு இவை உதவுகின்றன. இவை இல்லாததால் பிசிஜி பச்சைக் குழந்தைக்கும் போடும் அளவுக்குச் சாதுவானது. அதனாலேயே, இந்தப் புரதங்களை உடம்பு முன்பே பார்த்துப் பழகவும் வழியில்லை. மூளைக்காய்ச்சல் வகை, உடம்பெங்கும் பரவும் வகை இரண்டையும் பிஞ்சு வயதில் பிசிஜி நன்றாகவே தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது.

கிருமி உடம்பில் நுழைந்ததா என்று பார்க்கக் கையில் போடும் மாண்டூ ஊசியில் பிசிஜிக்கும் நோய்க்கிருமிக்கும் பொதுவான புரதங்கள் உள்ளன; தடுப்பூசியாலும் கை தடிக்கலாம். 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்த முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இருமல், காய்ச்சல், எடை ஏறாமை, கழுத்துக் கட்டி எதுவும் இல்லை, நோய் இல்லை என்று டாக்டர் உறுதிசெய்தால் போதும். நோய் இருக்கும்போது இந்த ஒரே மாத்திரையைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

ஐசோனியாசிட் கிலோவுக்கு 10 மில்லிகிராம். உங்கள் மகனுக்கு 100 மில்லிகிராம், தினம் ஒருமுறை. பொடித்துத் தண்ணீரில் கலக்கலாம். மாதாமாதம் எடை பாருங்கள், ஏறினால் அளவும் மாறும். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மாமனாரின் கிருமிக்கு ஐசோனியாசிட் கேட்கிறதா என்ற சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். கேட்காத கிருமி என்றால் மகனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

வாடைக்காற்றுக்குப் பயந்து கதவடைத்த அறையில் எல்லோரும் ஒன்றாகப் படுப்பதுதான் பெரிய ஆபத்து. சளியில் கிருமி போகும்வரை அவர் காற்றோட்டமான திண்ணையில் படுக்கட்டும். படகில் அவரோடு ஒரே அறையில் தூங்கியவர்களையும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள்.