வாசகர் கேள்வி – பதில்: காஸாவுக்கு எதை அனுப்புவது?

சென்ற இதழில் காஸா நகரின் அல் அஹ்லி வைத்தியசாலை பற்றி வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். அக்கடிதங்களுள் நான்கிற்கு இம்மாதம் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் காஸாவுக்காக மன்றாடுகிறோம். அங்கே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா? வெளிநாட்டுத் திருச்சபைகள் பலஸ்தீன மக்களுக்கு உண்மையில் என்ன செய்கின்றன? (ஒரு வாசகி, கல்லடி)

பதில்: இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலரே. போருக்கு முன் காஸாவில் ஏறத்தாழ 1,000 கிறிஸ்தவர்கள் வாழ்ந்தனர். பெரும்பாலோர் கிரேக்க ஓர்த்தடொக்ஸ் சபையினர். கத்தோலிக்கருக்கு இருப்பது திருக்குடும்ப ஆலயம் என்னும் ஒரே பங்கு, அதாவது ஒரே ஆலயச் சமூகம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் போர்க்காலத்தில் மாலை வேளைகளில் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்து வந்தது இந்தப் பங்கைத்தான்.

வெளிநாட்டுச் சபைகளின் பங்களிப்பில் பெரும்பகுதி வைத்தியமும் கல்வியுமே. அல் அஹ்லி வைத்தியசாலையை 1882 இல் தொடங்கியது, சீ.எம்.எஸ். என்று நம்மவர் அறிந்த அங்கிலிக்கன் மிஷன், யாழ்ப்பாணத்தில் பரி. யோவான் கல்லூரிக்கு 1823 இல் வித்திட்டதும் அதே மிஷன்தான். 1950களில் அமெரிக்க பப்டிஸ்த சபையிடம் கைமாறிய அந்த வைத்தியசாலை, 1980களில் மீண்டும் அங்கிலிக்கன் சபைக்குத் திரும்பி, இன்று எருசலேம் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இயங்குகிறது. 2023 ஒக்டோபர் 17 இல் அதன் வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பை உலகம் அறியும். அதற்கு யார் பொறுப்பு என்பதில் இஸ்ரேலும் பலஸ்தீனத் தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. 2025 ஏப்ரல் 13 இல், குருத்தோலை ஞாயிறு அதிகாலையில் நடந்த இஸ்ரேலியத் தாக்குதலில் ஆய்வுகூடம் அழிந்தது. மருந்தகமும் அவசர சிகிச்சைப் பிரிவும் சேதமடைந்தன.

எருசலேமின் ஒலிவ மலையில் இருக்கும் ஒகஸ்டா விக்டோரியா வைத்தியசாலையையும் சொல்ல வேண்டும். ஜேர்மன் பேரரசர் 1910 இல் கட்டி முடித்த மாளிகை அது. 1948 இல் வீடிழந்த அகதிகளுக்காக, 1950 முதல் உலக லூத்தரன் சம்மேளனம் அதை வைத்தியசாலையாக நடத்தி வருகிறது. மேற்குக் கரையிலும் காஸாவிலும் உள்ள புற்றுநோயாளருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். ஆனால், எருசலேமுக்குள் நுழைய இஸ்ரேலின் அனுமதிப் பத்திரம் தேவை. நம் போர்க்காலத்தில் மட்டக்களப்பின் வலையிறவுப் பாலத்துச் சோதனைச் சாவடியில், கையில் ஒரு துண்டுக் கடுதாசியோடு, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை நோயாளிகள் வெயிலில் நின்ற காலத்தை மறவாதவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் சங்கத்தினர் வீடுவீடாகச் சென்று பழைய உடுப்புகள், விளையாட்டுச் சாமான்கள், பிஸ்கட் முதலியவற்றைச் சேர்த்துக் காஸாப் பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புகிறோம். யாரிடம் ஒப்படைப்பது? அங்குள்ள ஒரு சபையோடு நேரடி உறவு வைத்துக்கொள்ள முடியுமா? (வாலிபர் சங்கச் செயலாளர், கல்முனை)

பதில்: தம்பி, உங்கள் மனம் நல்லது. ஆனால் உடுப்புச் சேர்க்கும் வேலையை இன்றே நிறுத்திவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் பல மாதங்கள் ஓர் ஆலய மண்டபத்தில் நிவாரணச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். ஒருநாள் லொறியில் வந்திறங்கிய பெட்டிகளில் மருந்துப் போத்தல்கள் இருந்தன. அவற்றில் எழுதியிருந்த மொழி எங்களுள் ஒருவருக்கும் தெரியவில்லை. வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், எதற்கென்று தெரியாத மருந்தை எப்படிக் கொடுப்பது என்று அவர் கையை விரித்தார். மண்டபத்தில் இடமில்லாமல், ஒரு வீட்டின் முன்னறையை மாத வாடகைக்கு எடுத்து அவற்றை அடுக்கி வைத்தோம். வாடகைப் பணம் நிவாரண நிதியிலிருந்து போயிற்று. திகதி முடிந்த பின் குழி வெட்டிப் புதைத்ததற்கும் கூலி கொடுத்தோம். அனுப்பியவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

அதே நாட்களில் வேறொரு சபையிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: உங்களுக்கு எது தேவை என்று எழுதுங்கள். நாங்கள் சற்றுத் தயங்கி, கணக்கெழுத ஒருவரை ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளச் சம்பளமும், முகாம்களுக்குப் போய்வர எரிபொருட் செலவும் கேட்டோம். படம் பிடித்து ஆலயச் சுவரில் ஒட்ட முடியாத உதவி அது. மறுபேச்சின்றித் தந்தார்கள். மிஷன் கூட்டுறவு என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தக் கடிதமே நினைவுக்கு வரும்.

பலஸ்தீனத் திருச்சபை நிறுவனங்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். மின்சாரம் துண்டிக்கப்பட்ட காஸாவில் ஒரு சத்திரசிகிச்சைக் கூடம் இயங்குவது மின்பிறப்பாக்கிக்கு ஊற்றும் டீசலால். தாதிமார் சம்பளமின்றிப் பல மாதம் நிற்க முடியாது. கிழக்கு எருசலேமில் ஒகஸ்டா விக்டோரியா உட்பட 6 வைத்தியசாலைகளுக்குக் கிடைத்து வந்த 25 மில்லியன் டொலர் உதவியை 2018 இல் அமெரிக்க அரசு நிறுத்தியபோது பள்ளம் விழுந்தது அன்றாடச் செலவில்தான். கரடி பொம்மை எவ்வளவு வந்தாலும் அது நிரம்பாது. எனவே பணமாகச் சேருங்கள். சேர்த்ததை உங்கள் சபைத் தலைமைப்பீடத்தின் வழியாக மட்டும் அனுப்புங்கள். கத்தோலிக்க வாலிபர்களுக்கு வழி ஏற்கனவே உண்டு. பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்துவிட்டு, வியர்த்த கையில் நாலாய் மடித்து வைத்திருந்த நூறு ரூபாய்த் தாளைத் தட்டில் போடுகிறோமே, அது புனித பூமிக்கான காணிக்கை. உலகெங்கும் அன்று சேர்வதில் 65 வீதம் அங்குள்ள பிரான்சிஸ்கன் துறவிகளுக்கும், 35 வீதம் கீழைத் திருச்சபைகளுக்கான வத்திக்கான் பேராயத்துக்கும் செல்கிறது. பலர் அதை நம் ஆலயச் செலவுக்கென்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

நேரடி உறவைப் பொறுத்தவரை, முடியும், ஆனால் அவசரப்படாதீர்கள். பெத்லகேம், பெய்த் ஜாலா போன்ற ஊர்களின் சபைகளோடு ஐரோப்பியச் சபைகள் பல ஆண்டுகளாக இத்தகைய உறவை வளர்த்து வருகின்றன. உங்கள் போதகர் ஊடாக முதற்கடிதத்தை எழுதுங்கள். அதில் எதையும் வாக்களிக்காதீர்கள். கல்முனை எங்கே இருக்கிறது, கடல் வந்த அன்று இங்கே என்ன நடந்தது, யார் வந்து கைகொடுத்தார்கள் என்பதை எழுதுங்கள். பதில் வரத் தாமதமானால் அவர்கள் பாடு அப்படி என்று பொறுத்திருங்கள்.

கேள்வி: இந்த மிஷன்கள் மதம் மாற்றுவதற்காகவே பலஸ்தீனம் போனவை என்று எங்கள் ஊரில் சிலர் சொல்கிறார்கள். சரியா? (ஒரு வாசகர், காத்தான்குடி)

பதில்: தொடக்கத்தில் அந்த நோக்கமும் இருந்தது, மறைப்பதில் பயனில்லை. 1841 இல் இங்கிலாந்தும் பிரஷ்யாவும் சேர்ந்து எருசலேமில் ஒரு புரட்டஸ்தாந்து ஆயர் பீடத்தை நிறுவின. ஆனால் அவர்களிடம் வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள் அல்லர். ஏற்கனவே கிறிஸ்தவர்களாயிருந்த ஓர்த்தடொக்ஸ் குடும்பத்தினர். ஆகவே முதலில் மனவருத்தம் கொண்டதும் ஓர்த்தடொக்ஸ் சபையே.

தலைமையும் நெடுங்காலம் வெளிநாட்டார் கையிலேயே இருந்தது. எருசலேமின் முதல் அரபு அங்கிலிக்கன் ஆயர் பதவிக்கு வந்தது 1976 இல். அங்குள்ள கத்தோலிக்கரின் தலைவரான இலத்தீன் முதுபெரும் தந்தையாக முதல் பலஸ்தீனரான மிஷேல் சபாஹ் நியமிக்கப்பட்டது 1987 இல். இதைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை, அன்று ஒன்றாயிருந்த நம் திருகோணமலை – மட்டக்களப்பு மறைமாவட்டத்துக்கும் 1974 வரை ஆயராக இருந்தவர் ஒரு வெளிநாட்டு இயேசு சபைத் துறவியே. இன்று அல் அஹ்லியில் படுத்திருப்போர் பெரும்பாலும் முஸ்லிம்கள். 1973 இல் கத்தோலிக்க சபை தொடங்கிய பெத்லகேம் பல்கலைக்கழகத்திலும் மாணவருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மகள் பெத்லகேமில் செய்ததென்று ஓர் ஒலிவ மரத் திருக்குடிலைத் தந்தாள். மரத்தை வெட்டித்தான் இதைச் செய்கிறார்களா? இதை வாங்குவது அங்குள்ளவர்களுக்கு உதவுமா? (ஒரு வாசகி, திருக்கோவில்)

பதில்: காய்க்கும் ஒலிவ மரத்தை அங்கே யாரும் வீணாக வெட்டமாட்டார்கள், அம்மா. ஆண்டுதோறும் கத்தரித்துவிடும் கிளைகளைச் சேர்த்து, நன்றாக உலரவிட்டுப் பின்னர் செதுக்குகிறார்கள். பெத்லகேம், பெய்த் சாஹூர் ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல தலைமுறையாகச் செய்யும் தொழில் இது. இதை வளர்த்ததில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பங்குண்டு. 2023 ஒக்டோபருக்குப் பின் யாத்திரிகர் வரவு நின்றுபோகப் பல பட்டறைகள் மூடப்பட்டன. வாங்குவது உதவும். அடுத்த முறை மகளிடம், அங்குள்ள கூட்டுறவுச் சங்கம் அல்லது சபை வழியாக வாங்கச் சொல்லுங்கள்; இடைத்தரகர் இல்லாதபோது செதுக்கியவரின் கைக்குக் கூடுதலாகச் சேரும். குடிலைக் கடற்காற்றுப் படாத இடத்தில் வைத்து, வருடத்தில் ஒருமுறை ஒலிவ எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், மரம் வெடிக்காது.