கால்சியம் ஏறுது, எலும்பு ஏனுங்க உடையுது?

கேள்வி: வணக்கம்ங்க டாக்டர். எங்க அம்மாவுக்கு 58 வயசு. சென்னிமலையில் கைத்தறி நெய்தவங்க. ரெண்டு வருஷத்தில் ரெண்டு தடவை சிறுநீரகக் கல் வந்துடுச்சு. போன மாசம் வாசலில் வழுக்கி கையை ஊன்றியதுக்கே மணிக்கட்டு முறிஞ்சிடுச்சு. ரத்தத்தில் கால்சியம் 11.6, பிடிஹெச்-ங்கிற ஹார்மோன் 148-னு ரிப்போர்ட் வந்திருக்கு. கழுத்தில் ஒரு சுரப்பியை எடுக்கணும்கிறாங்க. இவ்வளவு கால்சியம் இருக்கிறப்ப எலும்பு எப்படிங்க உடையும்? எங்க பெரியம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைஞ்சதுக்கு தினமும் ஒரு ஊசி போடறாங்க, அதுவும் இதே ஹார்மோன்தானாம். ஆபரேஷனுக்குப் பதிலா அம்மாவுக்கும் அதையே போட்டுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. அம்மாவுக்கு அந்த ஊசி கூடவே கூடாது. அவர் உடம்பில் அந்த ஹார்மோன் ஏற்கெனவே அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருக்கிறது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கும். பெயர் ஒட்டியிருக்கிறதே தவிர தைராய்டு வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தைராய்டு மாத்திரை இதற்கு உதவாது. ரத்தத்தில் கால்சியம் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 வரைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதயமும் நரம்பும் தசையும் தடுமாறும். அது கொஞ்சம் இறங்கினாலும் இந்தச் சுரப்பிகள் உணர்ந்து பிடிஹெச் ஹார்மோனை விடும். அது சிறுநீரில் போகும் கால்சியத்தைப் பிடித்து நிறுத்தும், வைட்டமின் டி-யைச் செயலுக்குக் கொண்டுவந்து குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்சவைக்கும், அப்புறம் எலும்பைத் தட்டும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் இருப்பது எலும்பில்தானே, அதுதான் நம் குதிர்.

உங்க அம்மாவுக்கு நான்கில் ஒன்றில் சின்னக் கட்டி வந்திருக்கும், பெரும்பாலும் இப்படித்தான், அதில் புற்றுநோய் மிக மிக அபூர்வம். கால்சியம் போதும் போதும் என்றாலும் அந்தக் கட்டி காது கொடுக்காது. ரத்தத்தில் நீங்கள் பார்க்கிற 11.6-இல் குதிரிலிருந்து வாரிக் கொட்டிய நெல்லும் சேர்ந்திருக்கிறது. சிறுநீரகத்தால் அவ்வளவையும் பிடித்துவைக்க முடியாமல் சிறுநீரில் வழிந்துதான் கல்லும் வருகிறது.

எலும்புக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. எலும்பை அரிக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். பிடிஹெச் நேராக அதனிடம் போவதில்லை! எலும்பைக் கட்டுகிற ஆஸ்டியோபிளாஸ்டிடமும், எலும்புக்குள்ளேயே புதைந்து வாழும் ஆஸ்டியோசைட்டிடமும்தான் போய் ஒட்டுகிறது. அவை ரேங்க்-எல் என்ற புரதத்தைக் கூட்டி, அதற்குத் தடைபோடும் இன்னொரு புரதத்தைக் குறைக்கின்றன. அந்தச் சேதி கிடைத்த பிறகே புதுப்புது அரிப்புச் செல்கள் உருவாகின்றன. அதே சமயம் ஆஸ்டியோசைட்டுகள், எலும்பு கட்டுவதை அடக்கிவைக்கும் ஸ்க்லெரோஸ்டின் என்ற பொருளையும் குறைத்துக்கொள்கின்றன. ஆக ஒரே ஹார்மோன் கட்டவும் சொல்கிறது, இடிக்கவும் சொல்கிறது. எது ஜெயிக்கும் என்பது அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்தது.

நம்ம ஈரோட்டு மஞ்சளை நினைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்துத் தண்ணீர் கட்டினால் கிழங்கு திரளும், அதே தண்ணீர் ராப்பகலாக வயலில் நின்றால் அழுகிவிடும். பெரியம்மாவின் ஊசி டெரிபராடைடாக இருக்கும், பிடிஹெச்சின் 84 அமினோ அமிலங்களில் முதல் 34 மட்டும் கொண்டது. நாளுக்கு 20 மைக்ரோகிராம், தோலுக்கடியில். சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், அதனால் கட்டுகிற செல்கள் பெருகி அரிப்பை முந்திக்கொள்கின்றன. பொதுவாக இரண்டு வருஷத்துக்கு மேல் போடுவதில்லை. நிறுத்தின பிறகு சேர்ந்த எலும்பைக் காப்பாற்ற வேறு மருந்து தொடர வேண்டும், பெரியம்மாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். அம்மாவின் வயலிலோ தண்ணீர் வடியவே இல்லை.

கல்லும் வந்து, எலும்பும் முறிந்தபின் தள்ளிப்போடாதீர்கள், ஆபரேஷன் சரியான யோசனைதான். இந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிஷம்தான் நிற்கும். அதனால் கட்டியை எடுத்த பத்து நிமிஷத்தில், மேஜையிலேயே, அளவு பாதிக்கு மேல் இறங்கிவிட்டதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கும்போது இடுப்பு, முதுகோடு முறியாத கையின் முன்கையையும் எடுக்கச் சொல்லுங்கள், இந்த நோய் அந்தக் கெட்டி எலும்பைத்தான் அதிகம் தின்னும். அதுவரை கடையில் வாங்கிய கால்சியம் மாத்திரை வேண்டாம், ஆனால் பாலையும் மோரையும் ராகிக் களியையும் நிறுத்திவிடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். ஆபரேஷன் முடிந்த சில நாளில் உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள். பசித்திருந்த எலும்பு கால்சியத்தை வாரி இழுப்பதால் அப்படி வரும், அப்போது கால்சியம் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலைங்க, வயசு 34. உடம்பெல்லாம் வலி. பிடிஹெச் 98, கால்சியம் 9, வைட்டமின் டி 9-னு வந்திருக்கு. எனக்கும் கழுத்தில் கட்டியா?

பதில்: இந்த எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் இல்லை. வைட்டமின் டி இவ்வளவு குறைந்தால் சாப்பிடுகிற கால்சியம் குடலில் சரியாகச் சேராது, அதை ஈடுகட்டத்தான் சுரப்பி கூடுதலாக உழைக்கிறது. பகல் முழுக்க தறிச் சத்தத்துக்குள் கூரைக்கடியில் நிற்பவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் ஒருமுறை பாருங்கள், டாக்டர் சொல்லும் அளவில் வைட்டமின் டி எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து மூன்றையும் மறுபடி பரிசோதியுங்கள். அப்போதும் பிடிஹெச் இறங்காமல் கால்சியம் மேலே ஏறியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.