பயப்படுத்துவார் இல்லாமல்

அன்புள்ள ஐயா,

பட்டயங்கள் மண்வெட்டிகளாகும் என்கிற ஏசாயா 2ஆம் அதிகாரத்து வசனம், கிறிஸ்துவின் வருகைக்குப் பிறகு நிறைவேறப்போவது என்றுதான் எங்கள் சபையில் போதிக்கிறார்கள். அதுவரை யுத்தங்கள் 'சம்பவிக்கவேண்டியதே' என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இப்போது நாம் சமாதானத்துக்காகப் பாடுபடுவதில் என்ன பிரயோஜனம்? வெறும் வேதபாடச் சந்தேகமாக இதைக் கேட்கவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணனோடு பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. அடுத்த மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அழைப்பு வந்திருக்கிறது. போனால் என் பங்கை விட்டுக்கொடுத்ததுபோல் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த 'சம்பவிக்கவேண்டியதே'. மத்தேயு 24:6இல் அதற்கு முன்னால் 'கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்' என்று இருக்கிறது. பின்னால் 'முடிவு உடனே வராது' என்று இருக்கிறது. சீஷர்கள் பதறிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது அது. கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆறு வசனம் தள்ளி, 'அநேகருடைய அன்பு தணிந்துபோம்' என்கிற எச்சரிப்பும் வருகிறது. யுத்தச் செய்திகளை வைத்து நாள் கணக்குப் போடுகிறவர்கள் இந்த வசனத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

சரி, ஏசாயாவுக்கு வருவோம். உங்கள் சபை போதிப்பதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அந்தச் சமாதானத்தின் நிறைவைக் கர்த்தர்தான் கொண்டுவருவார், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் வசனத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். நியாயந்தீர்க்கிறவர் அவர். பட்டயத்தை அடிப்பது யார்? 'அவர்கள் தங்கள் பட்டயங்களை' அடிப்பார்கள் என்றே எழுதியிருக்கிறது. கர்த்தர் ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு போவதாக இல்லை. யார் வைத்திருந்தானோ அவனே அதை உலையில் போடுகிறான், அவனே சம்மட்டியை எடுக்கிறான். அடுத்த வசனமே, 'கர்த்தரின் வெளிச்சத்திலே நடப்போம் வாருங்கள்.' கடைசி நாட்களைப் பார்த்துவிட்டு வந்த தீர்க்கதரிசி, இன்றைக்குத் தன் எதிரே நிற்கிற ஜனத்தைக் கூப்பிடுகிறார். 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்கிற கிறிஸ்தவப் போதகர் இந்த வசனத்தை எடுத்துக்காட்டித்தான் ரோமப் பேரரசனுக்கு எழுதினார்: ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நாங்கள் இப்போது பகைவர்மேலும் யுத்தம் செய்வதில்லை என்று. பிற்பாடு அவரும் ரோமில் இரத்தசாட்சியாக மரித்தார்.

'இனி அவர்கள் யுத்தத்தைக் கற்பதுமில்லை' என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு நண்பரோடு எனக்குப் பெரிய பிணக்கு. அவர் அனுப்பிய மின்னஞ்சல்களை எல்லாம் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். என்றைக்காவது தேவைப்படும் என்று. தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத் திறந்து வாசிப்பேன். எந்த வரிக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மனப்பாடமே ஆகிவிட்டது. ஒருநாள் தற்செயலாக, அவற்றின் கீழே இருந்த என் பதில் ஒன்று கண்ணில் பட்டது. அதை நான் எழுதிய நாளுக்குப் பிறகு திரும்ப வாசித்ததேயில்லை. அவர் எழுதியதைவிட அது மோசமாக இருந்தது. நான் ராத்திரி தோறும் கற்றுக்கொண்டிருந்தது யுத்தம். அந்தப் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து இரண்டு வரி வந்தது. இப்போது பேசிக்கொள்கிறோம். பழையபடி என்று சொல்லமுடியாது, ஆனால் பேசிக்கொள்கிறோம்.

விட்டுக்கொடுத்ததுபோல் ஆகிவிடுமோ என்று கேட்டீர்களே, அதற்கு மீகாவிடம் போகவேண்டும். மீகா 4ஆம் அதிகாரத்தில் கிட்டத்தட்ட இதே தீர்க்கதரிசனம் இருக்கிறது. ஆனால் ஏசாயாவில் இல்லாத ஒரு வரி கூடுதல்: அவனவன் தன்தன் திராட்சச்செடியின் நிழலிலும் தன்தன் அத்திமரத்தின் நிழலிலும் 'பயப்படுத்துவார் இல்லாமல்' உட்காருவான். நம் வேதாகமத்தில் 'அரிவாள்' என்று இருப்பது எபிரெயத்தில் திராட்சக்கொடியைக் கழிக்கிற கத்தி. ஈட்டியாக இருந்த இரும்பு, எந்தக் கொடியைக் கழித்ததோ அதன் நிழலில் மனிதன் உட்காருகிறான்.

மீகா மொரேசா ஊர்க்காரர். அது யூதாவின் கோட்டைப் பட்டணமான லாகீசுக்குப் பக்கம். கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் லாகீசைப் பிடித்தான். பிடித்ததைக் கல்லில் செதுக்கி நினிவேயில் தன் அரண்மனைச் சுவரில் பதித்தான். அந்தப் பலகைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு பெண்களும் பிள்ளைகளும் ஊரை விட்டுப் போகிறார்கள். அதே வருஷம் எருசலேமின் மதிலுக்கு வெளியே நின்று சனகெரிப்பின் தூதன் ரப்சாக்கே கூவியதை 2 இராஜாக்கள் 18இல் வாசியுங்கள். சரணடைந்து வாருங்கள், அவனவன் தன் திராட்சக்கனியையும் அத்திப்பழத்தையும் சாப்பிடலாம் என்கிறான். அப்புறம் நான் வந்து உங்களை வேறொரு தேசத்துக்குக் கொண்டுபோகும்வரைக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறான். அதே திராட்சை, அதே அத்தி. மீகா சொன்ன 'பயப்படுத்துவார் இல்லாமல்' மட்டும் அதில் இல்லை. பயந்து அடங்கிப்போவதற்கு வேதம் சமாதானம் என்று பெயர் வைக்கவில்லை. ஏசாயா 32:17 'நீதியின் கிரியை சமாதானம்' என்கிறது. காயத்தை 'மேற்பூச்சாய்' குணமாக்குகிறவர்களை எரேமியா கடிந்துகொள்கிறார்.

அதனால் உங்கள் பங்கு நியாயமானது என்றால் அதைக் கேளுங்கள். கல்யாணத்துக்கும் போங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். அன்றைக்கு வீட்டுப் பேச்சு வேண்டாம். யாராவது எடுத்தாலும், இன்னொரு நாள் உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் இருவருக்கும் நம்பிக்கையான ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, கணக்கை ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். அண்ணன் மசியாமல் போகலாம். ரோமர் 12:18 'கூடுமானால் உங்களாலானமட்டும்' என்றுதான் கேட்கிறது, அவராலானதை உங்களிடம் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கல்யாணத்தன்று திடீரென்று போய் நிற்காமல், இந்த வாரமே போன் செய்து, 'அண்ணே, நான் வருகிறேன், சந்தோஷமாக வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். தம்பி வந்து எல்லார் முன்னாலும் என்ன பேசப்போகிறானோ என்று அவரும் பயந்துகொண்டிருக்கலாம்.