கட்சி பிரைமரியில் எனக்கு ஏன் ஓட்டு இல்லை? அமெரிக்க வாசகர்களின் கேள்விகள்

கே: ஃபுளோரிடாவில் குடியுரிமை வாங்கியதும் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிவு செய்தேன். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலான பிரைமரி அன்று பள்ளி வாரியத்துக்கும் நீதிபதிக்கும் மட்டும் ஓட்டுச்சீட்டு தந்தார்கள். இது சரியா?

ப: சட்டப்படி சரி. அங்கே ஒரு கட்சியின் வேட்பாளரை அந்தக் கட்சியில் பதிந்தவர்கள்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு விலக்கு உண்டு. போட்டியிடுபவர்கள் எல்லோரும் ஒரே கட்சி, நவம்பரில் எதிர்த்து நிற்க ஆளில்லை என்றால், அந்த பிரைமரியில் எல்லோரும் வாக்களிக்கலாம். ஆனால் வாக்காளரே பெயரை எழுத வேண்டிய 'ரைட்-இன்' வேட்பாளர் ஒருவர் மனு கொடுத்துவிட்டால் போதும், கதவு சாத்தப்படும். இந்த ஓட்டையை என்னால் ஏற்க முடியவில்லை. பிரைமரியை எல்லோருக்கும் திறக்க 2020-ல் வந்த மாநில அரசியல் சட்டத் திருத்தத்தை 57 சதவீதம் பேர் ஆதரித்தும், தேவையான 60 கிடைக்காமல் அது தோற்றது.

கே: லூசியானாவில் எல்லோருக்கும் பொதுவான பிரைமரி இருந்ததே?

ப: கவர்னர் தேர்தலுக்கு இன்னும் அதுதான். 2024 ஜனவரியில் கவர்னர் ஜெஃப் லாண்ட்ரி கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில், அமெரிக்க காங்கிரஸ், மாநில உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட சில பதவிகளுக்கு மட்டும் 2026 முதல் கட்சி பிரைமரி என்று சட்டம் நிறைவேறியது. கட்சி சாராதவர் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியைத் தேர்ந்துகொள்ளலாம். டிரம்ப் மீதான 2021 பதவிநீக்க விசாரணையில் அவருக்கு எதிராக வாக்களித்த, அவருடைய குடியரசுக் கட்சியையே சேர்ந்த செனட்டர் பில் காசிடிக்கு இது நெருக்கடி என்ற பேச்சு அப்போதே எழுந்தது.

கே: கட்சி தன் வேட்பாளரைத் தேர்வதில் வெளியாளுக்கு என்ன வேலை?

ப: நியாயமான கேள்வி. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்சிக்கும் வாக்களிக்கலாம் என்ற கலிஃபோர்னியா முறையை, கட்சிகளின் கூடிச்சேரும் உரிமைக்கு விரோதம் என்று 2000-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. கட்சியே வெளியாரை விரும்பி அழைத்தால் மாநிலம் தடுக்கக்கூடாது என்றும் 1986-ல் கனெக்டிகட் வழக்கில் சொல்லியிருந்தது.

ஆனால் டெக்சஸை மறக்க முடியாது. 'நாங்கள் தனியார் அமைப்பு' என்று சொல்லித்தான் அங்கே ஜனநாயகக் கட்சி கறுப்பின மக்களைத் தன் பிரைமரிக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் கட்சி மட்டுமே ஜெயித்த மாநிலம் அது. பிரைமரியில் ஓட்டு இல்லாதவருக்குத் தேர்தலே இல்லை. 1944-ல்தான் நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. இன்றும் ஒரே கட்சி ஜெயிக்கும் தொகுதிகள் ஏராளம். பொதுப்பணத்தில் அரசு நடத்தும் தேர்தலுக்கு வரி கட்டுகிறவரை வாசலில் நிறுத்துவது தவறு என்பதே என் கருத்து.

கே: நியூயார்க்கில் ஜூன் பிரைமரிக்கு எப்போது கட்சி மாறலாம்?

ப: பிப்ரவரி 14-க்குள். 2016-ல் கெடு முந்தைய அக்டோபரிலேயே முடிந்ததால், டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும்கூட அப்பாவுக்கு வாக்களிக்க முடியவில்லை. முதன்முறையாகப் பதிவு செய்பவருக்கு இந்தக் கெடு கிடையாது. அந்தப் படிவத்திலேயே கட்சியைக் குறித்துவிடுங்கள்.